விடிகாலையில் சாகும் தங்க மீன்

தங்க மீனுக்கு ஆயுசு கம்மி என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். கடையிலிருந்து வாங்கி வந்த பிறகு இரண்டு வாரம் இருந்தால் போதும், ஒரு மாதம் தாண்டினால் பெரிய விஷயம் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் டிஷ் என்றொரு தங்க மீன் இருந்தது. 1956-இல் ஒரு திருவிழாச் சந்தையில் பரிசாகக் கிடைத்த அந்த மீன் 1999-இல், தன் 43-ஆவது வயதில் செத்தது. கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற அந்த மீன் ஒரு விதிவிலக்குதான். ஆனால் நல்ல தண்ணீரில் பத்துப் பதினைந்து வருடம் வாழ்வது தங்க மீனுக்கு வெகு சாதாரணம். அப்படிப்பட்ட மீன் திண்டுக்கல் வீட்டுத் தோட்டத்துத் தொட்டியில் இருபது நாளில் மிதக்கிறது என்றால், அதைப் பலவீனமான மீன் என்று சொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது.

ஏன் செத்தது என்று கேட்டால் நம் ஊரில் மூன்று பதில்கள் வரும். "எங்க போர் தண்ணி உப்பு, அதான்." "வெயில் தாங்கல." "கடையில சீக்கு மீனக் குடுத்துட்டாங்க." மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பெரும்பாலான சமயங்களில் மூன்றுமே நம்மைத் தவறான இடத்தில் தேட வைக்கின்றன. மீன் சாவதற்குச் சில மணி நேரமோ சில நாட்களோ முன்பே தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது. எப்படிக் கெட்டது என்பதற்கான தடயங்கள் தொட்டியிலேயே இருக்கின்றன. மீன் எந்த நேரத்தில் செத்தது, பெரிதா சிறிதா எது முதலில் செத்தது, அதே தொட்டியில் யார் யார் பிழைத்தார்கள் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் வெயிலை எடுத்துக்கொள்வோம். தங்க மீன் குளிர்ந்த தண்ணீரின் பிராணி என்பது உண்மை. சீனாவில் சோங் அரச மரபின் காலத்தில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கெண்டை இனத்து மீன் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது இது. 18 முதல் 24 டிகிரி வரை அதற்கு மிகவும் பிடித்த வெப்பம். திண்டுக்கல் சமவெளியில் சித்திரை, வைகாசியில் ஆழமில்லாத ஒரு சிமெண்ட் தொட்டியின் தண்ணீர் மதியத்தில் 33, 34 டிகிரிக்குப் போய்விடும். ஆனால் வெப்பம் மட்டுமே அதைக் கொன்றுவிடுவதில்லை. கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிரை என்ற விலங்கியலாளரும் அவருடைய சகாக்களும் 1942-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து பார்த்தது. மெல்ல மெல்லப் பழக்கினால் தங்க மீன் 38 டிகிரியையும் தாங்குகிறது. மீன் இனங்களில் இத்தனை அகலமான வெப்ப எல்லை கொண்டவை மிகக் குறைவு.

இன்னொரு வியப்பும் இந்த மீனிடம் உண்டு. ஆக்சிஜனே இல்லாத தண்ணீரிலும் அதனால் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க முடியும். நம் உடலில் ஆக்சிஜன் பற்றாமல் போனால் தசைகளில் லாக்டிக் அமிலம் சேரும், கொஞ்ச நேரத்தில் உயிரே போகும். தங்க மீனும் அதன் நெருங்கிய உறவான குரூசியன் கெண்டையும் அந்த அமிலத்தைச் சாராயமாக, அதாவது எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடுகின்றன. இதற்குரிய புரத அமைப்பு அவற்றுக்கு எப்படி வந்தது என்பதை நார்வேயின் ஆஸ்லோ, இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் விளக்கினார்கள். பனிக்கட்டி மூடிய ஐரோப்பியக் குளங்களில் குரூசியன் கெண்டை இப்படியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. அப்போது அதன் ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராமுக்கும் மேல் சாராயம் இருக்குமாம். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம்தான்.

பனிக்கு அடியில் மூச்சில்லாமல் பிழைக்கும் குலத்தில் பிறந்த மீன் திண்டுக்கல் தொட்டியில் மூச்சு முட்டிச் சாவது ஏன்? பனிக்குளத்தில் அதன் உடல் இயக்கம் அடங்கிக் கிடக்கிறது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் மீனின் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அதே சமயம் தண்ணீரில் ஆக்சிஜன் கரையும் அளவு குறைகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரியில் ஏழரை, 35 டிகிரியில் 7-க்குச் சற்றுக் குறைவு. தேவை கூடும்போது இருப்பு குறைகிறது. நாட்கணக்கில் தாங்கக்கூடிய அந்தச் சாராய வித்தையும் சூட்டில் சில மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது.

இருந்தாலும் ஏழு மில்லிகிராம் என்பது தங்க மீனுக்குத் தாராளம். 35 டிகிரியிலும் தண்ணீர் நிறைய ஆக்சிஜன் இருந்தால் அது சாகாது. சிக்கல் மதியத்தில் வருவதில்லை, இரவில் வருகிறது.

வெயில் நேரடியாக விழும் தொட்டியில் மூன்றே வாரத்தில் தண்ணீர் பச்சையாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான பாசி உயிர்கள்தான் அந்தப் பச்சை. பகலில் அவை ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் கொட்டுகின்றன. மாலை ஐந்து மணிக்கு அளந்தால் லிட்டருக்கு 12 மில்லிகிராம்கூட இருக்கலாம். சூரியன் மறைந்ததும் அதே பாசி மூச்சுவிட ஆரம்பிக்கிறது. அடியில் கிடக்கும் கழிவு, அழுகும் வேப்பிலை, மீன் தின்னாமல் விட்ட பொரி, இவற்றைத் தின்னும் பாக்டீரியாக்களும் மூச்சுவிடுகின்றன. இரவு முழுக்கச் செலவு மட்டும்தான், வரவு கிடையாது. விடிகாலை நான்கு, ஐந்து மணிக்கு ஆக்சிஜன் ஒன்று, இரண்டு மில்லிகிராமுக்கு இறங்கிவிடுகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அந்த நேரத்தில்தான். நாம் ஏழு மணிக்கு எழுந்து வந்து பார்க்கும்போது வெளிச்சம் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பாசி மறுபடி வேலையைத் தொடங்கியிருக்கும். பிழைத்த மீன்கள் இயல்பாக நீந்திக்கொண்டிருக்கும். செத்தவை மட்டும் மிதக்கும். அதனால்தான் காரணம் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இதை உறுதி செய்ய டார்ச் லைட் ஒன்று போதும். விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எழுந்து தொட்டியைப் பாருங்கள். எல்லா மீனும் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நின்றால் விடை கிடைத்துவிட்டது. இன்னும் சில அடையாளங்கள் உண்டு. ஆக்சிஜன் குறைந்து சாகும்போது பெரிய மீன்கள் முதலில் போகும், குஞ்சுகள் தப்பும். செத்த மீனின் வாய் திறந்திருக்கும், செவுள் மூடி விரிந்திருக்கும். அதே தொட்டியில் கொசுவுக்காக விட்ட கப்பிகள் குதூகலமாக இருக்கும். கப்பியின் வாய் மேல்நோக்கி அமைந்தது. காற்றை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் ஆக்சிஜன் எப்போதும் கொஞ்சம் இருக்கும், கப்பி அதை உறிஞ்சிப் பிழைத்துக்கொள்ளும். கொசுப்புழுவுக்கோ கவலையே இல்லை, அது வால்பக்கக் குழாயால் வெளிக்காற்றையே சுவாசிக்கிறது. தங்க மீன் செத்து, கப்பியும் கொசுப்புழுவும் பிழைத்திருக்கும் தொட்டியில் விஷத்தைத் தேட வேண்டியதில்லை.

ஏரிகளிலும் நடப்பது இதேதான். 2016 மார்ச்சில் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே நேரத்தில் செத்து ஒதுங்கின. சாக்கடை கலந்த தண்ணீர், கோடையின் தொடக்க வெப்பம், இறங்கிப்போன ஆக்சிஜன் என்று எல்லாம் அங்கே ஒன்றுசேர்ந்திருந்தன. நம் கோயில் தெப்பங்களில் பக்தியோடு மூட்டை மூட்டையாகப் பொரி கொட்டுவதும் அதே வேலையைச் செய்கிறது. மேகமூட்டமான நாட்களும் ஆபத்தானவை. ஐப்பசி அடைமழையில் இரண்டு மூன்று நாள் வெயில் இல்லாமல் போனால் பாசி பகலிலும் ஆக்சிஜன் தராது.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஏர் பம்பு வைத்திருக்கும் பல வீடுகளில் அதைப் பகலில் ஓடவிட்டு, படுக்கப் போகும்போது சத்தம் என்றும் கரண்ட் பில் என்றும் நிறுத்திவிடுகிறார்கள். பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் இது நேர் தலைகீழான வேலை. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், பகலில் நிறுத்துங்கள், இரவு பத்து முதல் காலை ஏழு வரை ஓடவிடுங்கள்.

சரி, தண்ணீர் பளிங்குபோல இருக்கிறது, பாசியே இல்லை, மீன் சாயங்காலத்தில் துவண்டு போகிறது என்றால்? அப்போது அம்மோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். என் கணிப்பில் நம் ஊர்த் தொட்டிகளில் சாகும் தங்க மீன்களில் அதிகமானவற்றைக் கொல்வது இதுதான். கண்ணுக்கும் தெரியாது, குறைந்த அளவில் மூக்குக்கும் எட்டாது.

மீன் தன் உடலின் நைட்ரஜன் கழிவைச் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் லிட்டர் தொட்டி, விரல் நீளத்தைச் சற்றுத் தாண்டிய பத்துத் தங்க மீன்கள், நாளுக்குப் பத்து கிராம் தீவனம். தீவனத்தின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு அம்மோனியா நைட்ரஜனாக வெளியே வரும் என்பது மீன் வளர்ப்பவர்களின் பொதுக் கணக்கு. அப்படியானால் நாளுக்கு 300 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். தின்னாமல் மிச்சம் கிடந்து அழுகுவது இதில் சேராது. ஒரு வாரத்தில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் சேர்ந்துவிடும்.

இந்த இரண்டு மில்லிகிராமும் முழுக்க விஷம் என்று சொல்ல முடியாது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு உருவத்தில் இருக்கும். அம்மோனியம் என்ற மின்னேற்றம் பெற்ற உருவம் செவுளை எளிதில் கடக்காது, பெரிய தீங்கும் செய்யாது. மின்னேற்றம் இல்லாத அம்மோனியாதான் செவுளைத் துளைத்து உள்ளே போய் ரத்தத்திலும் மூளையிலும் வேலையைக் காட்டும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு), தண்ணீரின் வெப்பம். 20 டிகிரி வெப்பமும் பிஎச் 7-ம் உள்ள தண்ணீரில் மொத்தத்தில் 0.4 சதவீதம்தான் விஷ உருவம். 30 டிகிரியும் பிஎச் 8.5-ம் என்றால் 20 சதவீதம். ஐம்பது மடங்கு! அதே மீன், அதே தீவனம், அதே கழிவு. குளிர்ந்த மென்னீர்த் தொட்டியில் எதுவும் ஆகாது. சூடான, பிஎச் ஏறிய நம் சமவெளித் தொட்டியில் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் விஷ அம்மோனியா சேர்கிறது. 0.05-ஐத் தாண்டினாலே நாளடைவில் செவுள் கெடும். அதைப்போல எட்டு மடங்கு இது.

பச்சைத் தண்ணீர் இங்கேயும் தன் பங்கைச் செய்யும். பாசி பகலில் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிற்பகலில் பிஎச் ஏறும். பிஎச் 9-ஐத் தொட்டால், 30 டிகிரியில், அம்மோனியாவில் ஏறத்தாழ பாதி விஷ உருவத்துக்கு மாறிவிடும். மாலை நான்கு மணிக்கு மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு தரையில் உட்கார்வதும், திடீரென்று பாய்ந்து ஓடுவதும், செவுள் செந்நிறமாக வீங்கித் தெரிவதும் இதன் அடையாளங்கள்.

இயற்கைக் குளத்தில் இது ஏன் நடப்பதில்லை? அங்கே இந்த அம்மோனியாவைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் கல்லிலும் மண்ணிலும் செடித் தண்டிலும் ஒட்டி வாழ்கின்றன. ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் ஜூரிச்சில் இவற்றைத் தனியே பிரித்தெடுத்துக் காட்டினார். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டங்கள் இல்லை. தானாக வந்து பெருக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும், நம் ஊர்ச் சூட்டில் கொஞ்சம் சீக்கிரமாகவே வரலாம். தொட்டி கட்டிய உற்சாகத்தில் ஒரே நாளில் பதினைந்து மீன் வாங்கி விடுகிறோம், குழந்தைகள் நாளுக்கு நாலு தடவை தீவனம் போடுகிறார்கள், இரண்டாம் வாரத்தில் மீன் மிதக்கிறது. அந்தக் கணக்கு அத்தனை துல்லியமாக நடக்கக் காரணம் இதுதான்.

இதைவிட வருத்தமான ஒன்று சுத்தம் என்ற பெயரில் நடக்கிறது. வாரம் ஒரு முறை தண்ணீரை முழுக்க இறைத்து, சுவரை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, கூழாங்கற்களை வெயிலில் காயவைத்து, புதுத் தண்ணீர் நிரப்புகிறார்கள். அத்தனை அக்கறையும் அந்தப் பாக்டீரியாக் கூட்டத்தை வாராவாரம் கொன்றுவிடுகிறது. ஆறு மாதமாக இருக்கும் தொட்டி ஒவ்வொரு ஞாயிறும் புதுத் தொட்டியாகிவிடுகிறது. சுவரில் படிந்த வழுவழுப்பை விட்டுவிடுங்கள். தண்ணீரில் கால்வாசியை மட்டும் மாற்றுங்கள்.

இப்போது அந்த "உப்புத் தண்ணி" விஷயத்துக்கு வருகிறேன். திண்டுக்கல்லின் அடியில் கிடப்பது கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கும் நீர் கல்லைக் கரைத்து உப்பும் சுண்ணாம்பும் சேர்த்துக்கொண்டுதான் மேலே வருகிறது. குடிக்க வாய்க்கு விளங்காது. ஆனால் தங்க மீனுக்கு அது பகையே இல்லை. இந்தியக் குடிநீர்த் தரம் வேறு வழியில்லாதபோது அனுமதிக்கும் உச்ச வரம்பு லிட்டருக்கு 2 கிராம் கரைந்த உப்புகள். தங்க மீனுக்கு நோய் வந்தால் சிகிச்சையாகவே லிட்டருக்கு 3 கிராம் கல் உப்பு கரைக்கிறார்கள். சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீரில் பிஎச் சட்டென்று ஆடாது, நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் அதில் நன்றாக வளரும்.

உப்பு இன்னொரு உதவியும் செய்கிறது. அம்மோனியா முதலில் நைட்ரைட்டாக மாறும் என்றேன். இரண்டாம் பாக்டீரியாக் கூட்டம் தாமதமாக வருவதால் மூன்று, நாலாம் வாரத்தில் நைட்ரைட் சேர்ந்து நிற்கும். அது செவுள் வழியே நுழைந்து ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக மாற்றிவிடும். ரத்தமும் செவுளும் காப்பி நிறமாகும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் மூச்சு முட்டிச் சாகும். நைட்ரைட் உள்ளே போக உபயோகிக்கும் வாசல் குளோரைடுக்கு உரியது. தண்ணீரில் குளோரைடு நிறைய இருந்தால் அது வாசலை அடைத்துக்கொள்ளும், நைட்ரைட்டுக்கு வழி கிடைக்காது. நம் போர் தண்ணீரின் உப்பில் இந்தக் குளோரைடு ஏற்கனவே இருக்கிறது. ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்திலிருந்தும் காவிரியிலிருந்தும் வரும் இனிப்பான தண்ணீரில் அது மிகக் குறைவு. "உப்புத் தண்ணியில மீன் சாகுது, நல்ல தண்ணிக்கு மாத்தறேன்" என்று மாற்றுகிறவர் இந்தப் பாதுகாப்பை இழக்கிறார். ஆர்.ஓ. தண்ணீருக்கு மாற்றுவது அதைவிடவும் மோசம். அதில் சுண்ணாம்புச் சத்தும் இல்லை, உப்பும் இல்லை, மீன் தன் உடல் உப்பைக் காக்கவே போராட வேண்டியிருக்கும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் வேறு உண்டு. வீட்டுக் குழாயில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது நம் குடிநீர்த் தரம், மனிதர்களுக்கு அது அவசியமும்கூட. மீனின் செவுளுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே தீங்கு. தண்ணீர் விடும் நாளில் ஹோஸ் பைப்பை நேராகத் தொட்டியில் போட்டு நிரப்பினால், அன்றைக்கே மீன் செவுள் வெளுத்து, உடம்பெல்லாம் கோழை வடிந்து சாகலாம். திறந்த டிரம்மில் ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டு ஊற்றினால் போதும். அவசரம் என்றால் கலர் மீன் கடையில் ஹைப்போ என்று கேட்டால் தரும் சோடியம் தயோசல்பேட் படிகம் குளோரினை உடனே முறித்துவிடும்.

போர் தண்ணீரிலும் ஒரு எச்சரிக்கை உண்டு, அது உப்பைப் பற்றியது இல்லை. பூமிக்கடியிலிருந்து நேராக வரும் நீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய இருக்காது, கரியமில வாயு அதிகம் இருக்கும். அதையும் உயரத்திலிருந்து தெறிக்க விழவைத்தோ, ஒரு நாள் தேக்கி வைத்தோதான் விட வேண்டும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளை ஒட்டிய பகுதிகளின் நிலத்தடி நீர் தனிக் கதை. ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் திண்டுக்கல்லின் தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் ஆய்வு செய்து நிலத்தடி நீர் மாசுபட்டிருப்பதைப் பதிவு செய்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தமிழகத் தோல் தொழிற்சாலைகள் பற்றி அளித்த புகழ்பெற்ற தீர்ப்பில் திண்டுக்கல் மாவட்டமும் இருந்தது. அந்தப் பக்கத்துக் கிணற்று நீரில் மீன் சாகிறதென்றால் அதை மீன் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது. அதே கிணற்றை மாடும் மனிதரும் பயன்படுத்துகிறார்களா என்று பார்த்து, தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

எல்லா மீனும் ஒரே நாளில், சில மணி நேரத்துக்குள் செத்தால் விஷத்தை நினைக்கலாம். புதிதாகப் பூசிய சிமெண்ட் தொட்டி ஒரு காரணம். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பிஎச் 11-க்கு மேல் போய்விடும். நிரப்பி இரண்டு மூன்று நாள் விட்டு இறைத்து, மறுபடி நிரப்பி இறைத்து, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைக்கும் பழைய வழக்கம் நல்ல வழக்கம், அதற்குப் பொறுமை வேண்டும். இன்னொரு காரணம் பூச்சிமருந்து. பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதருக்கு ஒப்பீட்டளவில் சாந்தமானவை, மீனுக்கோ லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கிலேயே எமன். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் அடித்த மருந்து காற்றில் வந்தாலும், வீட்டுக் கத்தரிச் செடிக்கு அடித்தது தெறித்தாலும், டெங்கு காலத்தில் தெருவில் அடிக்கும் கொசுப்புகை தொட்டியில் படிந்தாலும் போதும். இதற்கு அடையாளம், தொட்டியின் கொசுப்புழுவும் நீர்ப்பூச்சிகளும் சேர்ந்தே செத்திருக்கும். சிறிய மீன்கள் முதலில் போயிருக்கும். புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் தொட்டியை ஒரு தார்ப்பாயால் மூடிவிடுங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் நோய். நோயால் மீன்கள் ஒரே நாளில் மொத்தமாகச் சாவது அபூர்வம். இன்று ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று என்று போகும். மீன் பேன், நங்கூரப் புழு இரண்டும் கண்ணுக்கே தெரியும். மீன் சுவரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் பிடித்து உற்றுப் பாருங்கள். உப்புத் தூவியதுபோல வெண்புள்ளி தெரிந்தால் அது வேறொரு ஒட்டுண்ணி. தங்க மீனுக்கே உரிய ஒரு வைரஸும் உண்டு. சைப்ரினிட் ஹெர்பிஸ் வைரஸ்-2 என்ற அது 1990-களில் ஜப்பானில் முதலில் அறியப்பட்டது. இந்தியாவின் அலங்கார மீன் பண்ணைகளில் அது இருப்பதை நம் நாட்டு ஆய்வாளர்கள் 2016-இல் உறுதிப்படுத்தினார்கள். ரத்தம் உண்டாகும் திசுக்களை அது அழிப்பதால் செவுள் வெளுத்துப்போகும். தண்ணீர் 15 முதல் 25 டிகிரியில் இருக்கும்போதுதான் அது வெறியாட்டம் ஆடும். அதனால் திண்டுக்கல்லில் அதை மார்கழி, தை மாதங்களில் சந்தேகிக்கலாம், சித்திரையில் சாகும் மீனுக்கு அதைக் காரணம் காட்டுவது பொருந்தாது.

மருந்தைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. மீன் துவண்டதும் கடைக்குப் போய் நீல மருந்து, மஞ்சள் மருந்து, ஆன்டிபயாடிக் மாத்திரை என்று வாங்கிவந்து தொட்டியிலேயே கொட்டுவது பெரும் கேடு. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்களும் பாக்டீரியாக்கள்தான். அவற்றையும் மருந்து கொல்லும், அம்மோனியா இன்னும் ஏறும், பிழைத்திருந்த மீனும் போகும். மேலே சொன்ன 2016 ஆய்விலேயே, வைரஸோடு சேர்ந்து மீன்களைத் தாக்கிய ஏரோமோனாஸ் பாக்டீரியா பல மருந்துகளுக்குக் கட்டுப்படாததாக இருந்தது. கண்மூடித்தனமாக மருந்து ஊற்றினால் அந்தத் திறனைத்தான் நாம் வளர்த்துவிடுகிறோம். முதல் மருந்து தண்ணீர் மாற்றுவது. நோயுள்ள மீனைத் தனிப் பாத்திரத்தில் வைத்துத்தான் மற்ற எதையும் தர வேண்டும்.

செத்த மீனைத் தூக்கி எறிவதற்கு முன், அது செத்து அரை மணிக்குள் என்றால், செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். காப்பி நிறம் என்றால் நைட்ரைட். வெளிறி இருந்தால் ஒட்டுண்ணியோ வைரஸோ. வெள்ளைக் கோழை மூடியிருந்தால் குளோரின், அம்மோனியா, ஏறிய பிஎச் இவற்றில் ஒன்று. நல்ல சிவப்பாக, வாய் திறந்து கிடந்தால் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மறுநாள் விடிகாலையில் பாருங்கள். நேரம் கடந்துவிட்டால் எல்லாச் செவுளும் வெளுத்துவிடும், அப்போது பார்ப்பதில் பயனில்லை. அம்மோனியா, நைட்ரைட், பிஎச் மூன்றையும் அளக்கும் சொட்டு மருந்துக் கிட் அலங்கார மீன் கடைகளில் கிடைக்கிறது. அதன் விலை நாலைந்து ஜோடி மீனின் விலைக்குள் அடங்கிவிடும்.

புதிதாகத் தொட்டி அமைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். இரண்டரை அடிக்குக் குறையாத ஆழம், பாதித் தொட்டிக்குத் தென்னங்கீற்றோ பச்சை வலையோ போட்ட நிழல், ஆயிரம் லிட்டருக்கு முதலில் இரண்டே மீன், அதுவும் நீண்ட உடம்பும் ஒற்றை வாலும் கொண்ட காமெட் வகை. உருண்டை உடம்பும் இரட்டை வாலும் கொண்ட ஒராண்டா போன்றவை அழகுதான், திறந்தவெளித் தொட்டிக்கு அவை ஏற்றவை இல்லை. முதல் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு தீவனம். ஏற்கனவே நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து ஒரு கைப்பிடிக் கூழாங்கல்லோ அழுக்கு ஸ்பாஞ்சோ வாங்கிப் போட்டால் பாக்டீரியாக்கள் சீக்கிரம் குடியேறும். ஆனால் அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சென்னை கொளத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் வரும் மீன்களை நம் ஊரில் விற்கும் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பாலித்தீன் பையில் மீனைக் கட்டிக் கொடுக்கும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்: குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வைத்து ஊற்றுங்கள், முதல் மாதம் தீவனத்தைக் குறையுங்கள், ராத்திரியில் ஏர் பம்பை நிறுத்தாதீர்கள். வாடிக்கையாளர் அடுத்த வாரம் வேறு மீன் வாங்க வராமல் போகலாம். அடுத்த வருடம் பெரிய தொட்டிக்கு ஆள் தேடி உங்களிடம்தான் வருவார்.